வருத்தத்தைச் சொல்லப் பழகிய ஓவன்

போறணை என்ற சொல்லில இருந்து தொடங்குவம். பாண் போறணை என்று சொன்னால் எங்கட ஊர்களில் விளங்காத ஆள் இல்லை. 'போர்னோ' என்ற போர்த்துக்கேயச் சொல்தான் கப்பலேறி வந்து தமிழில் போறணையாகவும் சிங்களத்தில் போரணுவ என்றும் குடியேறியது. பாணும் அவர்கள் தந்த சொல், குசினியும் அதே வழி. தமிழ்நாட்டு நண்பர்களிடம் போறணை என்றால் முழிப்பார்கள். அவர்கள் எழுதுவது 'அவன்'. 'அவன் சூடாகிவிட்டான்' என்று வாசித்தால் ஓவனா ஆளா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டிவரும். அந்தக் குழப்பம் வேண்டாமென்று இந்தக் கட்டுரையில் ஓவன் என்றே எழுதுகிறோம்.

போறணைக்கு முன்னால நிற்கிற ஆளுக்கு உள்ளே எவ்வளவு சூடு என்று யார் சொன்னது? ஒருவரும் இல்லை, அவருடைய கைதான் சொன்னது. இன்றைக்கு ரொறன்ரோவிலோ லண்டனிலோ கொழும்பு அடுக்குமாடி வீடொன்றிலோ, சுவருக்குள் பதித்த ஓவன் ஒன்று சூடாவதை நிறுத்திவிட்டு, முகப்புக் கண்ணாடியில் ஒரு எழுத்தையும் ஒரு இலக்கத்தையும் காட்டுகிறது: எஃப்-9. வீட்டுக்காரர் அதைப் பார்த்தபடி நிற்கிறார். ஓவன் தன்ர வருத்தத்தைச் சொல்லிவிட்டது, கேட்கிற ஆளுக்குத்தான் அந்தப் பாஷை தெரியாது. சூட்டைப் பற்றிய அறிவு மனிசரின் கையிலிருந்து மெசினுக்குள் போனது எப்படி, போகும்போது எங்களிடம் எதை விட்டுவிட்டுப் போனது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். கலைப்பீடத்தில் இருந்துகொண்டு உங்களுக்கு ஏன் இந்த வயர் வேலை என்று கேட்கலாம். ராசாக்களின் வரலாற்றை எழுத ஆக்கள் கனக்க இருக்கினம். குசினிச் சுவருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

ஐரோப்பாவின் பழைய செங்கல் ஓவனில் நெருப்பு உணவுக்குக் கீழே எரிவதில்லை. ஓவனுக்குள்ளேயே விறகை எரித்து, கல்லில் சூடு ஏறிய பிறகு தணலையும் சாம்பலையும் வழித்து எடுத்துவிட்டு மாவை உள்ளே தள்ளுவார்கள். கல் பிடித்து வைத்திருக்கிற சூடு மெல்ல மெல்ல இறங்கும். முதலில் பாண், பிறகு கேக், கடைசியாக பிஸ்கட் என்று சூட்டின் இறக்கத்துக்கு ஏற்றபடி வேலை ஓடும். எந்த நேரத்தில் எதை வைப்பது என்று அறிய, கையை உள்ளே நீட்டி எத்தனை எண்ணும் வரை தாங்குகிறது என்று பார்ப்பார்கள். சிலர் ஒரு பிடி மாவைத் தரையில் வீசி அது எவ்வளவு கெதியாகச் சிவக்குது என்று பார்ப்பார்கள். பிரான்சில் ஜூல் கூஃபே 1867இல் வெளியிட்ட சமையல் நூலில் கடதாசித் துண்டை ஓவனுக்குள் வைத்து, அது மஞ்சளாகிறதா கருமஞ்சளாகிறதா மண்ணிறமாகிறதா என்று பார்த்துச் சூட்டைப் பிரித்தறியச் சொல்கிறார். கடதாசிதான் அந்தக் காலத்து வெப்பமானி.

அமெரிக்காவில் ஃபனி ஃபாமர் 1896இல் வெளியிட்ட பொஸ்டன் சமையல் பாடசாலை நூல், அளவுக் கரண்டியைத் தட்டி மட்டமாக்க வேண்டும் என்று உலகத்துக்குப் பழக்கிய நூல். மாவுக்கு அளவு, சீனிக்கு அளவு. ஓவன் என்று வந்ததும் 'மெதுவான ஓவன்', 'நடுத்தர ஓவன்', 'சூடான ஓவன்' என்ற சொற்கள்தான். அவ்வளவு கண்டிப்பான நூலிலும் ஒன்றுக்கு மட்டும் இலக்கம் இல்லை. இலக்கம் இருந்தாலும் அதை வாசிக்க அநேகமான அடுப்புகளில் ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கவில்லை.

இதில் எங்களை ஆச்சரியப்படுத்திய விசயம், தானாகவே சூட்டைக் கட்டுப்படுத்துகிற ஓவன் அதற்கு 270 வருசத்துக்கு முதலே இருந்திருக்கிறது என்பதுதான். செய்தவர் கோர்னேலிஸ் ட்ரெபல். நெதர்லாந்தின் அல்க்மாரில் 1572இல் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். தேம்ஸ் ஆற்றில் நீருக்கடியில் படகு ஓட்டியவர் என்றுதான் பள்ளிக்கூடப் புத்தகங்களில் வருவார். 1620களில் அவர் அமைத்த உலையில் மதுசாரம் நிரப்பிய ஒரு குழாய் இருந்தது. சூடு கூடினால் மதுசாரம் விரிந்து இரசத்தைத் தள்ளும், இரசம் ஒரு தண்டைத் தூக்கும், தண்டு காற்று போகிற ஓட்டையை மூடும். காற்றுக் குறைந்தால் நெருப்பும் தணியும். சூடு இறங்கினால் எல்லாம் மறுபக்கமாக நடக்கும். ஒருவரும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. ரசவாத வேலைகளுக்கும் கோழிமுட்டை பொரிக்கவும் அதைப் பாவித்தார். பொறியியல்பீடத்து ஆக்கள் பின்னூட்டல் என்று படிக்கிற விசயத்தின் முன்னோடிகளில் ஒன்று இந்த ஓவன். ட்ரெபல் கடைசிக் காலத்தில் லண்டனில் மதுக்கடை நடத்தி 1633இல் இறந்துபோனார். அவருடைய ஓவன் பாண் சுடுகிறவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. மலிவான வேலையாட்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது இரசத்துக்கு யார் காசு செலவழிப்பார்கள் என்பது எங்கட ஊகம்.

வீட்டுக் குசினிக்கு அந்த யோசனை வந்தது எரிவாயுவோடுதான். அமெரிக்காவில் 1915இல் 'லொரெய்ன்' என்ற பெயரில் ஓவன் சீராக்கி ஒன்று சந்தைக்கு வந்தது. இங்கிலாந்தில் 1923இல் 'நியூ வேர்ல்ட்' அடுப்புகளில் 'ரெகுலோ' வந்தது. உள்ளே ஒரு பித்தளைக் குழாயும் அதற்குள் இன்வார் என்ற கலப்புலோகக் கம்பியும் இருக்கும். பித்தளை சூட்டில் நீளும், இன்வார் அநேகமாக நீளாது. அந்த வித்தியாசம் வாயு வருகிற வாயை நெருக்கும். (இன்வாரை சார்ல்ஸ் எடுவார்ட் கியோம் கண்டுபிடித்ததும் 1896தான், ஃபனி ஃபாமரின் நூல் வந்த அதே வருசம். அதற்காக அவருக்கு 1920இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பக்கம் இலக்கமில்லாத ஓவன், மற்றப் பக்கம் அந்த இலக்கத்தைச் சாத்தியமாக்கப் போகிற உலோகம், இரண்டும் ஒன்றை ஒன்று அறியாமல்.) ரெகுலோவின் முகத்தில் வெப்பநிலை எழுதியிருக்கவில்லை. 1, 2, 3 என்று இலக்கங்கள் மட்டும். இங்கிலாந்துச் சமையல் குறிப்புகளில் இன்றைக்கும் 'காஸ் மார்க் 4' என்று வருவது இதன் மிச்சம். பாகையைத் தெரியத் தேவையில்லை, இலக்கத்தைத் திருப்பினால் போதும் என்று மெசின் முதல் தடவையாகச் சொன்ன இடம் இது. எஃப்-9இன் கொள்ளுப்பாட்டி என்று நாங்கள் இந்தக் 'காஸ் மார்க்'கைத்தான் சொல்லுவம்.

மின்சாரம் இன்னொரு பக்கத்தால் வந்தது. கனடாவில் தோமஸ் ஏஹேர்ன் 1892இல் ஒட்டாவாவின் வின்ட்சர் ஹொட்டலில் முழுக்க மின்சாரத்தில் சமைத்த விருந்தொன்றை வைத்துக் காட்டினார். ஆனால் கம்பிகள் கெதியாக எரிந்துபோகிற காலம் அது. 1906இல் அல்பேட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்கல், குரோமியக் கலப்புலோகம்தான் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. செந்தணலாகச் சூடாகும்போது அதன் மேல் குரோமிய ஒட்சைட்டுப் படலம் ஒன்று படிந்து உள்ளேயிருக்கிற உலோகத்தைக் காக்கும். இன்றைக்கும் ஓவனின் எலமென்ட் என்று நாங்கள் சொல்லுகிற குழாய்க்குள் இருப்பது அந்தக் கம்பிதான். அதைச் சுற்றி மக்னீசியம் ஒட்சைட்டுப் பொடி, அதற்கு வெளியே உலோக உறை.

இந்த மின் ஓவன்களைக் கனகாலம் கட்டுப்படுத்தியது எண்ணெய் நிரப்பிய ஒரு மெல்லிய குழாய். அதன் முனை ஓவனுக்குள் இருக்கும். எண்ணெய் விரிந்தால் சுவிச் திறந்து கரண்ட் நிற்கும். எளிமையான, திருத்தக்கூடிய, கண்ணால் பார்த்து விளங்கக்கூடிய சாமான். அதில் ஒரு பொல்லாத குணமும் இருந்தது. குழாயில் சின்ன ஓட்டை விழுந்து எண்ணெய் கசிந்தால் விரிய ஒன்றும் இருக்காது, சுவிச் திறக்காது. ஓவன் இன்னும் குளிராக இருக்கிறது என்று நம்பி அது சூடாகிக்கொண்டே போகும். பழுது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புகை வந்து சொன்னால்தான் உண்டு. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், திரும்ப வருவம்.

சுவருக்குள் ஓவனைப் பதிப்பதும் புதிசு அல்ல. ரம்ஃபோர்ட் பிரபு என்று அறியப்பட்ட பெஞ்சமின் தொம்சன் 1790களின் கடைசியிலேயே செங்கல் சுவருக்குள் இரும்பு உருளை ஒன்றை வைத்துக் கட்டுகிற ஓவனை விவரித்திருக்கிறார். அமெரிக்காவில் பழைய வீடுகள் சிலவற்றில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் இன்றைய சுவர் ஓவன், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் புறநகர்களில் எழும்பிய வீடுகளின் பிள்ளை. குனியாமல் இடுப்பு உயரத்தில் கதவைத் திறக்கலாம், அலுமாரிகளோடு ஒரே வரிசையில் நிற்கும், குசினி முழுக்க ஒரே முகமாகத் தெரியும். அந்த முகத்துக்குக் கொடுத்த விலை, ஓவனின் முதுகு ஒருவருக்கும் தெரியாமல் போனது. தனியாக நிற்கிற அடுப்பை இழுத்துப் பின்பக்கம் பார்க்கலாம். சுவர் ஓவனைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்.

1959 யூலை 24, மொஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சி. மாதிரி வீடொன்றின் குசினிக்கு முன்னால் நிக்சனும் குருஷேவும் வாக்குவாதப்பட்டதைப் பனிப்போர் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அதில் எங்களுக்குப் பிடித்த பகுதியைப் பாடப்புத்தகங்கள் பெரிசாகச் சொல்வதில்லை. குருஷேவ் சொன்னதன் சாரம் இது: உங்கட வீடுகள் இருபது வருசம் நிற்கத்தான் கட்டப்படுகின்றன, பிறகு புதிசு விற்கலாம் என்று, நாங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கட்டுகிறோம். நிக்சன் வீடு நிற்கும் என்று மறுத்தார். ஆனால் இருபது வருசத்தில் கனபேருக்குப் புது வீடோ புதுக் குசினியோ வேண்டும், பழையது காலாவதியாகிவிடும், புதுக் கண்டுபிடிப்புகளுக்கு இடம் கொடுக்கத்தான் எங்கட முறை இருக்கிறது என்றார். சோவியத் குசினிகளில் அந்த நேரம் என்ன நிலைமை என்பது வேற கதை, குருஷேவை நாங்கள் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பழுதாவதும் பழையதாவதும் ஒன்றல்ல என்ற கேள்வி அந்தக் குசினிக்கு முன்னாலதான் உரத்துக் கேட்கப்பட்டது.

நாலு வருசம் கழித்து, 1963இல், ஜெனரல் எலக்ரிக் தானே சுத்தமாகிற ஓவனை விற்பனைக்கு விட்டது. கதவைப் பூட்டிவிட்டு கிட்டத்தட்ட 480 பாகை செல்சியஸ் வரை ஏற்றினால் ஒட்டியிருக்கிற கொழுப்பெல்லாம் சாம்பலாகும், துடைத்துவிட்டால் சரி. கேக் சுடுகிற சூட்டைவிட இது இரண்டரை மடங்குக்கு மேல். இவ்வளவு சூட்டில் கதவு திறக்கக் கூடாது, கட்டுப்பாடு தவறக் கூடாது. ஓவன் தன்னைத்தானே கவனித்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் முன்னைவிடக் கூடியது. 1970களில் கையடக்கமான சில்லுகள் வந்ததும் அந்தக் கவனிப்பு சில்லின் வேலையாயிற்று. எண்ணெய்க் குழாயின் இடத்துக்குப் பிளாட்டினம் உணரி வந்தது. பிளாட்டினத்தின் மின்தடை சூட்டோடு ஒழுங்காகக் கூடும். வட அமெரிக்க ஓவன்கள் பலவற்றில் உள்ள உணரி 0 பாகையில் 1000 ஓம் காட்டும். எங்கட 30 பாகைச் சூட்டில் 1117 ஓம் அளவு, 177 பாகையில் 1670 ஓம் அளவு. சில்லு இந்தத் தடையை வாசித்து றிலேயைத் திறந்து மூடும்.

இப்ப அந்தப் பொல்லாத குணத்துக்கு வருவம். உணரியின் வயர் அறுந்தால் தடை முடிவிலி, சில்லுக்கு அது எல்லையில்லாத சூடு மாதிரித் தெரியும். வயர்கள் ஒன்றோடொன்று முட்டினால் தடை பூச்சியம், எல்லையில்லாத குளிர் மாதிரித் தெரியும். பழைய எண்ணெய்க் குழாய் என்றால் இதை நம்பி வீட்டை எரித்திருக்கும். சில்லுக்கு மட்டும் 'இப்படி ஒரு சூடு உலகத்தில் இருக்க முடியாது' என்று சொல்லத் தெரியும். சொல்லிவிட்டு வேலையை நிறுத்தி ஒரு குறியீட்டைக் காட்டும். குறியீடு என்பதை நாங்கள் கொம்பனிகள் தரும் தலையிடியாகத்தான் முதலில் நினைத்தோம். இதை வாசித்த பிறகு அது வேற மாதிரித் தெரியத் தொடங்கியது. 'நான் வாசிப்பது பொய்' என்று ஒரு கருவி தன்னைத்தானே சந்தேகிக்கிறது. ட்ரெபலின் இரசத்துக்கு அந்தச் சந்தேகம் வராது.

சூடாகாத பழுதின் குறியீடு இன்னும் சுவாரசியமானது. எல்ஜி ஓவன்களில் எஃப்-9 என்பது இதுதான். சில்லு எலமென்டுக்குக் கரண்ட் விடச் சொல்கிறது, குறித்த நேரம் காத்திருக்கிறது, சூடு ஏறவில்லை, குறியீட்டைப் போடுகிறது. அது எலமென்டைப் பார்க்கவில்லை, வயரைப் பார்க்கவில்லை. 'ஏற வேண்டியது ஏறவில்லை' என்று மட்டும் அதற்குத் தெரியும். டொக்டரிடம் போய் 'காய்ச்சல்' என்று சொல்வதும் இதுவும் ஒன்று. காரணம் எலமென்ட் அறுந்ததாக இருக்கலாம், றிலே ஒட்டாததாக இருக்கலாம், மிகைச்சூட்டில் கரண்டை வெட்டுகிற பாதுகாப்புச் சுவிச் விழுந்ததாக இருக்கலாம், இணைப்பொன்று கருகியிருக்கலாம். இதில் இன்னொரு கூத்து, ஜெனரல் எலக்ரிக்கின் பழைய ஓவன்களில் அதே எஃப்9 கதவுப் பூட்டைப் பற்றிப் பேசுகிறது. அங்கே எஃப்2 மிகைச்சூடு, எஃப்3உம் எஃப்4உம் உணரி. எல்லாக் கொம்பனிக்கும் பொதுவான அகராதி கிடையாது. கார்களுக்கு அமெரிக்கச் சட்டம் 1996இலிருந்து பொதுக் குறியீட்டைக் கட்டாயமாக்கியது, புகைச் சூழல் மாசு என்ற அக்கறையால். ஓவன் புகைத்தால் அந்த வீட்டுக்கு மட்டும்தானே என்று விட்டுவிட்டார்கள் போல.

எங்கட கூட்டத்தில் ஒருவரின் அம்மா வீட்டில் கேக் ஓடர் எடுத்துச் செய்கிறவர். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய சுவர் ஓவன்தான் அவருடைய முதல். போன நத்தாருக்கு முதல் கிழமை குறியீடு வந்து நின்றுவிட்டது. வந்து பார்த்த இடத்தில், 'போர்ட் போயிட்டுது அன்ரி, புதுசு எடுக்கிறதுதான் லாபம்' என்றார்கள். பிறகு வயரிங் வேலை செய்கிற அண்ணை ஒருவர் பிறேக்கரை இறக்கிவிட்டுக் கழற்றிப் பார்த்தார். எலமென்டின் பின்முனையில் வயரைக் கவ்வுகிற தகடு கருகி உதிர்ந்திருந்தது. தகட்டையும் கொஞ்ச வயரையும் மாற்றினார். போர்ட்டுக்கு ஒன்றும் இல்லை. முதல் ஆக்கள் ஏமாற்றினார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை, குறியீட்டை அவர்களும் எங்களைப் போலவே தீர்ப்பாக வாசித்திருக்கலாம்.

அந்த அண்ணை செய்த வேலையின் ஒழுங்கைக் கவனித்து எழுதி வைத்தோம். வரலாறு படிக்கிற ஆக்கள் சாட்சியத்தை எந்த ஒழுங்கில் விசாரிப்பார்கள் என்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முதலில் குறியீட்டையும், கதவைத் திறந்தால் ஓரத்தில் தெரிகிற மாதிரி இலக்கத்தையும் குறித்துக்கொண்டார். முகப்பில் நிறுத்தினால் ஓவன் நின்றதாக அவர் கணக்கெடுக்கவே இல்லை. காரணம், ஓவன்கள் பலவற்றில் றிலே ஒரு வயரை மட்டும்தான் வெட்டும், மற்றதில் எலமென்ட் வரை கரண்ட் இருந்துகொண்டே இருக்கலாம். பிறேக்கரை இறக்கி, சில நிமிடம் பொறுத்து, திரும்ப ஏற்றிப் பார்த்தார். சில்லு சும்மா தடுமாறியிருந்தால் இதோடு சரியாகிவிடும். கடைகளில் காட்சிக்கு வைக்கிற நிலை சில ஓவன்களில் இருக்கிறது, வெளிச்சமும் மணிக்கூடும் வேலைசெய்யும், சூடு மட்டும் வராது. அதுவும் இல்லை என்று பார்த்தார். கனடாவில் இருக்கிற வாசகருக்கு இன்னொன்று: அங்கே ஓவனுக்கு 240 வோல்ட், இரண்டு 120 வோல்ட் வயர்களில் வரும். ஒன்று போனாலும் மற்றதில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கலாம், சூடு வராது. இரட்டைப் பிறேக்கரை முழுக்க இறக்கி ஏற்றிப் பார்ப்பது அங்கே முதல் வேலை.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது இந்த இடத்தோடு முடிகிறது என்பது எங்கட நிலைப்பாடு. குறியீடு திரும்ப வந்தால், பிறேக்கர் அல்லது ட்ரிப் சுவிச் திரும்பத் திரும்ப விழுந்தால், கருகிய மணம் வந்தால், பிறேக்கரை இறக்கியபடியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். எரிவாயு ஓவனில் வாயு மணத்தால் ஒரு சுவிச்சையும் தொடக் கூடாது, வால்வை மூடி யன்னலைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். சுவர் ஓவனை வெளியே எடுப்பது தனியாள் வேலை இல்லை, பாரம் முன்பக்கம் சரியும், கதவின் பிணைச்சலில் இருக்கிற சுருள்வில் விரலை நசுக்கும். மைக்ரோவேவும் சேர்ந்த இரட்டை ஓவன் என்றால் மூடியைத் திறக்கவே வேண்டாம். அதன் கொள்ளளவியில் பிளக்கைக் கழற்றிய பிறகும் உயிரை எடுக்கக்கூடிய மின்னேற்றம் நிற்கலாம்.

வேலை தெரிந்தவர் அளந்து பார்ப்பதும் கரண்ட் இல்லாமல்தான். 230 வோல்ட்டில் 2500 வாற்று எலமென்ட் என்றால் 21 ஓம் அளவு காட்ட வேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. எலமென்டுக்கும் வெளி உறைக்கும் இடையில் ஓட்டம் இருக்கக் கூடாது. கனகாலம் பாவிக்காத ஓவனில் அந்த மக்னீசியம் ஒட்சைட்டுப் பொடி ஈரத்தை இழுத்து வைத்திருந்து, போட்டவுடன் ட்ரிப் அடிக்க வைக்கும். எங்கட காலநிலையில் இது அபூர்வம் இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மிகைச்சூட்டுச் சுவிச் விழுந்தால், 'டிரெக்ட் பண்ணிவிடுவம்' என்று அதன் இரண்டு வயரையும் முறுக்கி இணைத்துவிடுகிற பழக்கம் எங்கட ஊரில் இருக்கிறது. தானே சுத்தமாகிற வேலையை ஓடவிட்ட பிறகுதான் அது அதிகம் விழும், அதாவது பெருநாளுக்கு முதல்நாள். அவசரத்தில் டிரெக்ட் பண்ணினால் ஓவன் வேலைசெய்யும், கேக்கும் வரும். ஆனால் மிகைச்சூட்டில் கரண்டை வெட்டவென்று இருந்த கடைசிக் கதவு போய்விட்டது. றிலே ஒருநாள் மூடியபடி ஒட்டிக்கொண்டால் சில்லு குறியீட்டைக் காட்டிக்கொண்டே நிற்கும், எலமென்ட் எரிந்துகொண்டே இருக்கும்.

பிறகு அந்தத் தாளின் கதை. வட அமெரிக்க ஓவன்கள் பலவற்றில் குறியீடுகளின் பொருளும், வயர் படமும், எந்த முனையில் எத்தனை ஓம் வர வேண்டும் என்ற அட்டவணையும் அச்சடித்த ஒரு தாள் மெசினுக்குள்ளேயே, முகப்புப் பலகைக்குப் பின்னால மடித்துச் செருகியிருக்கும். திருத்துநருக்கு மட்டும் என்று அதில் குறிப்பிட்டிருக்கும். வாங்குகிறவருக்குத் தருகிற கையேட்டில் அநேகமாக 'சேவை நிலையத்தை அழையுங்கள்' என்ற வரிதான். பாதுகாப்புக்காக என்பது பொய்யில்லை, மேலே நாங்களே ஒரு கோடு கீறியிருக்கிறோம். ஆனால் அந்தத் தாளை வாசிக்கிற உரிமையும் கரண்ட் இருக்கிற வயரைத் தொடுகிற உரிமையும் ஒன்றல்ல. கேக் அன்ரிக்குத் தேவைப்பட்டது முதலாவது. 'இந்தக் குறியீட்டுக்குப் போர்ட் மட்டும்தான் காரணமா?' என்று கேட்க அவருக்கு ஒரு தாள் போதும்.

சட்டங்கள் இப்பதான் இந்தப் பக்கம் திரும்புகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்து 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகள் குளிர்சாதனப் பெட்டி, சலவை மெசின், பாத்திரம் கழுவும் மெசின், தொலைக்காட்சித் திரை போன்றவற்றுக்கு உதிரிப்பாகமும் திருத்தத் தகவலும் கிடைக்க வேண்டும் என்றன. ஓவன் அந்தப் பட்டியலில் இல்லை. கலிஃபோர்னியாவில் 2023இல் நிறைவேறி 2024 யூலை 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வீட்டு மின்சாதனங்களையும் சேர்த்துக்கொண்டது. 100 டொலரும் அதற்கு மேலும் விலையுள்ள சாமான் என்றால், கடைசியாக உற்பத்தி செய்த நாளிலிருந்து ஏழு வருசம் பாகங்களும் கருவிகளும் ஆவணங்களும் சொந்தக்காரருக்கே கிடைக்க வேண்டும். 2021 யூலை 1க்குப் பிறகு செய்தவற்றுக்கு மட்டும். கேக் அன்ரியின் ஓவன் அதற்கு முந்தியது. அதற்குள்ளே இருந்த தாளை அண்ணை கழற்றும்போது எடுத்துத் தந்தார், ஓரம் கருகி, மடிப்பில் கிழிந்து. படம் பிடித்து வைத்திருக்கிறோம். இப்ப குறியீட்டு அட்டவணையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம், குளிர்சாதனப் பெட்டி ஒட்டுக் காந்தத்தின் கீழே செருகி வைக்கலாம் என்று.